மிக்ஸி ஜாடியும் ஜப்பான் பெட்டியும்

இதனால் சகலமானவர்களுக்கும், குறிப்பாக நாளை மாலை ஜப்பானுக்கு விமானம் ஏறப்போகும் என் மகளுக்கு, அறிவிப்பது என்னவென்றால்: நேற்று மாலை முதல் தலைமறைவாகியிருந்த நம் வீட்டு மிக்ஸியின் நடு ஜாடி இன்று காலை பத்திரமாக மீட்கப்பட்டது. மூடி நலம். பிளேடு நலம். சட்னி இல்லாமல் மிளகாய்ப்பொடி தொட்டு இட்லி தின்று அல்லல்பட்ட பொதுமக்கள் இருவரும், அதாவது நானும் உங்கம்மாவும், ஓரளவு நலம். காலையில் உனக்குப் போன் போட்டு இதைத்தான் சொன்னேன். "மீட்டிங்ல இருக்கேம்பா, ஜாடி கெடைச்சதுக்கா போன் பண்ண?" என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டாய். வேறொன்றும் சொல்ல இருந்தது. தொண்டை வரைக்கும் வந்தது, அங்கேயே யு டர்ன் அடித்துத் திரும்பிவிட்டது. அதனால்தான் இந்தக் கடிதம். உனக்கு மட்டும் அனுப்பலாமா என்று யோசித்தேன். குடும்ப குரூப்பிலேயே போடுகிறேன். பயந்துபோனவனுக்குச் சுற்றிலும் நாலு பேர் இருப்பது நல்லது.

இடம், பொருள், ஏவல் என்று வரிசையாகச் சொல்லிவிடுகிறேன். இடம்: சிங்கப்பெருமாள் கோவில் ஸ்டேஷன், கடற்கரை போகும் மின்ரயிலுக்காக பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறேன். பொருள்: மடியில் ஒரு மஞ்சப்பை இருக்கிறது, அதை இரண்டு கையாலும் பிடித்திருப்பதால் கட்டைவிரலால் மட்டும் எழுதுகிறேன், பிழையைப் பொறுத்துக்கொள். ஏவல்: கோடம்பாக்கத்தில் ஒரு சின்ன வேலை. என்ன வேலை என்று இறங்குவதற்குள் சொல்லிவிடுகிறேன். அது வரைக்கும், வெளியூர் போகும் பிள்ளைக்கு ஒரு அப்பன் என்னென்ன சொல்லவேண்டுமோ அதையெல்லாம் சொல்லிக்கொண்டு வருகிறேன். உங்கம்மா இதைப் படித்தால் சிரிப்பாள். "அப்பனா? அந்த ஆளுக்குப் பத்தாங்கிளாஸ்லயே வயசு நின்னுபோச்சி, மீச மட்டும்தான் நரைக்குது" என்பது அவள் தீர்ப்பு. மேல்முறையீடு கிடையாது.

போன வாரம் சாப்பிடும்போது நீ கேட்டாய், "நான் போறது உனக்கு பயமாப்பா?" என்று. நான் எப்படிச் சிரித்தேன் பார்த்தாயா? "பயமா? எனக்கா? ஷிப்ட் விடற நேரத்துல ஓரகடம் ரோட்டுல ரெண்டு கண்டெய்னருக்கு நடுவுல பஸ்ஸை ஊசியில நூலாட்டம் கோக்கறவன்டா உங்கப்பன்" என்றேன். ஊசி கோத்தது உண்மைதான். ஆனால் அந்தச் சிரிப்புக்கு அப்புறம் மீதிச் சோற்றை நான் பிசைந்துகொண்டே இருந்தேன், வாயில் வைக்கவில்லை. நீ கவனிக்கவில்லை, போனில் யாரோ ஜப்பான் ஓட்டலில் அறை குறைகிறது என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள். பதறாமல் பதில் சொன்னாய். உன்னைப் பார்க்கப் பார்க்க எனக்குப் பெருமை வந்தது, பெருமைக்குப் பின்னாலேயே பயமும் வந்தது. இரண்டும் ஒரே பஸ்ஸில் வந்து இறங்கினது போல.

என் பயம் விமானத்தைப் பற்றியது அல்ல. நீ போவது ஊர் சுற்ற இல்லை என்பதுதான் பயம். வல்லம் வடகால் தொழிற்பேட்டையில் நான் தினமும் ஆட்களை இறக்கிவிடுகிற அந்த உதிரிபாகக் கம்பெனிக்கு நீங்கள் ஒரு படம் எடுக்கிறீர்கள். பாதி இங்கே எடுத்து முடித்தாயிற்று. மீதி ஜப்பானில் அவர்களுடைய தலைமைத் தொழிற்சாலையிலும், பக்கத்து மலை ரோட்டிலும். அங்கே விடுமுறையில் உற்பத்தி லைன் நிற்கிற அந்த இரண்டு நாளைக்கு மட்டும்தான் உள்ளே கேமராவை விடுவார்களாம். அந்த நாள் தப்பினால் படமே தப்பியது. டைரக்டர், கேமராமேன் எல்லாரும் போய் இறங்கிவிடுவார்கள். ஆனால் பெட்டிகள் அந்த ஊர் சுங்கத்தில் நின்றுவிட்டால், எல்லாரும் ஓட்டல் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு உட்கார வேண்டியதுதான். அப்போது எல்லாரும் திரும்பிப் பார்க்கும் ஆள் நீ. புரொடக்‌ஷன் மேனேஜர். உன் பெயர் முதல்முறையாக அந்த இடத்தில் போட்டிருக்கிறார்கள். அதுதான் என் தூக்கத்தைத் தின்றது.

விசா விஷயத்தில் நான் உன் பக்கம் நிற்கவில்லை, அதை முதலில் ஒப்புக்கொள்கிறேன். "டூரிஸ்ட் விசாவுல போய் சட்டுனு எடுத்துட்டு வந்துடலாம், யாரு கேக்கப்போறா" என்று உன் டைரக்டர் சொன்னாரே, நானும் "கரெக்டுதானே, எவ்ளோ பேர் போறாங்க" என்று தாளம் போட்டேன். நீ மட்டும்தான் முடியாது என்றாய். அந்தக் கம்பெனியிடம் அழைப்புக் கடிதம் வாங்கி, வேலைக்கு வருகிறோம் என்று உள்ளதைச் சொல்லி, மாதக்கணக்கில் அலைந்து சரியான விசாவை வாங்கினாய். இந்தப் புத்தி உனக்கு எங்கிருந்து வந்தது என்று உங்கம்மாவிடம் கேட்டேன். "உன்னப் பாத்துத்தான். நீ இன்னா பண்றியோ அத்த பண்ணக்கூடாதுன்னு சின்ன வயசுலயே கத்துக்கிச்சி" என்றாள்.

உன் மாமா கல்யாணம் நினைவிருக்கிறதா? ஞாயிற்றுக்கிழமை சும்மா நிற்கிற கம்பெனி பஸ், கேட்பார் யார் என்று மாப்பிள்ளை வீட்டுக்காரர்கள் மொத்தப் பேரையும் ஏற்றிக்கொண்டு காஞ்சிபுரம் கிளம்பினேன். கம்பெனி ஆட்களைத் தவிர வேறு யாரையும் ஏற்ற அந்த வண்டிக்கு பர்மிட் கிடையாது. அதற்கும் என்னிடம் ஒரு யோசனை இருந்தது. "ஆபீசர் நிறுத்துனா எல்லாரும் நைட் ஷிப்ட் முடிச்சிட்டு வர்றோம்னு சொல்லுங்க" என்று பஸ் முழுக்கப் பாடம் நடத்தினேன். வாலாஜாபாத் தாண்டி நிறுத்தினார்கள். ஆபீசர் ஏறினார். முன் சீட்டில் பட்டு வேட்டி, கழுத்தில் மாலை, மடியில் சீர்த்தட்டு, உன் பெரிய தாத்தா. "நீங்க இன்னா வேல?" "வெல்டிங்கு சார்." "எந்த லைனு?" "பொண்ணெடுத்த லைனு சார்." பஸ்ஸே குலுங்கிச் சிரித்தது. ஆபீசர் சிரிக்கவில்லை. கியர் பாக்ஸ் பக்கத்தில் உட்கார்ந்திருந்த உன்னைப் பார்த்துக் கேட்டார், பாவாடை சட்டையில் இருந்த நீ நேராகச் சொன்னாய்: "மாமா கல்யாணத்துக்குப் போறோம் சார். அப்பா பொய் சொல்லச் சொன்னாரு."

எல்லாரையும் இறக்கிவிட்டார்கள். ஷேர் ஆட்டோவில் துண்டு துண்டாகப் போய்ச் சேர்ந்தோம். மாப்பிள்ளை மட்டும் முன்னாடியே காரில் போயிருந்ததால் தாலி நேரத்துக்குக் கட்டப்பட்டது. ஆனால் நாத்தனார் முடிச்சு போடவேண்டிய மாப்பிள்ளையின் ஒரே அக்கா, அதாவது உங்கம்மா, அப்போது ஆட்டோவில் பாதி வழியில் உட்கார்ந்திருந்தாள். வேறு யாரோ ஒரு சித்தி மகள் முடிச்சைப் போட்டாள். உங்கம்மா மண்டபத்துக்குள் நுழைந்தபோது அட்சதை தரையில் கிடந்தது. அன்றைக்கு அவள் என்னைத் திட்டவில்லை. இன்றைக்கும் அந்தக் கல்யாண ஆல்பத்தில் அந்தப் பக்கம் வந்தால் சட்டென்று புரட்டிவிடுவாள். நான் செய்த குறும்புகளில் நான் சிரிக்காமல் நினைக்கிற ஒன்று அதுதான். ஆகவே மகளே, யார் கேட்டாலும் என்ன வேலையாக வந்தோமோ அதையே சொல். அதை நீ சின்ன வயசிலேயே எனக்குச் சொல்லிக்கொடுத்துவிட்டாய், நான்தான் இன்னும் அரியர் வைத்திருக்கிறேன்.

ரயில் வந்துவிட்டது. ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்துவிட்டேன். மஞ்சப்பையைக் கீழே வைக்கவில்லை.

அங்கே உங்களுக்கு வழிகாட்ட ஒரு ஜப்பான் அம்மா இருக்கிறாராமே, ரோட்டில் கேமரா வைக்கப் போலீசில் அனுமதி வாங்கிக்கொடுத்தவர். அவர் போகாதே என்றால் போகாதே. டைரக்டர் குதித்தாலும் போகாதே. செம்பரம்பாக்கம் ஏரி திறந்த வருஷம் என்ன ஆனது என்று வீட்டில் நான் சொன்ன கதையில் நான்தான் கதாநாயகன். உண்மைக் கதை வேறு. குன்றத்தூர் பக்கம் ஷிப்ட் ஆட்களைக் கொண்டுபோய் விட வேண்டியிருந்தது. ரோட்டோர டீக்கடைக்காரர் ஓடிவந்து கையை விரித்து மறித்தார். "அண்ணே, போவாதீங்க. அந்தாண்ட ரோடு எங்க கீது, பள்ளம் எங்க கீதுன்னு எங்களுக்கே தெர்ல" என்றார். நான் என்ன சொன்னேன் தெரியுமா? "நான் தண்ணி லாரி ஓட்டுனவன்பா. தண்ணியே என்னப் பாத்து வழி விடும்." தண்ணீர் வழி விடவில்லை. நடு ரோட்டில் இன்ஜின் இருமி நின்றது. படிக்கட்டு மூழ்கி, சீட்டுக்குக் கீழே செருப்புகள் மிதந்தன. பின் சீட்டில் ஒரு பெண் சத்தம் போடாமல் அழுதுகொண்டிருந்தாள். கயிறு கொண்டுவந்து எல்லாரையும் ஒவ்வொருவராக இழுத்துக் கரை சேர்த்தது அந்த டீக்கடைக்காரரும் அவர் தம்பியும். நான் கடைசியாக இறங்கினேன் என்று வீட்டில் பெருமையாகச் சொன்னேன் அல்லவா? பிடித்த ஸ்டியரிங்கை விட மனசு வராததால்தான் கடைசி.

மற்றபடி உன் ஏற்பாட்டில் குறை சொல்ல எனக்கு யோக்கியதை கிடையாது. பேட்டரிகளின் முனைக்கெல்லாம் டேப் ஒட்டிக் கைப்பையில்தான் எடுத்துப் போகவேண்டும், பெட்டியில் போடக்கூடாது என்றாய். அந்த ஊர் மின்சாரம் நம்மூரில் பாதிகூட வராது, பிளக் இரண்டு தட்டைப் பல்லோடு இருக்கும் என்று அதற்கான அடாப்டரை முன்கூட்டியே வாங்கி வைத்தாய். தினமும் எடுத்த காட்சிகளை இரண்டு ஹார்ட் டிஸ்க்கில் போட்டு, இரண்டும் ஒரே ஆளிடம் இருக்கக்கூடாது என்றாய். எனக்கு ஒரே ஒரு சந்தேகம்தான். அங்கேயும் நம்ம மாதிரி இடதுபக்கம்தான் ஓட்டுவார்களாம், ஆனால் ஹாரனே அடிக்கமாட்டார்களாம். அப்புறம் எப்படி வண்டி நகர்கிறது? இன்னொன்று: "ஹாய்" என்றால் அவர்கள் மொழியில் "ஆமாம்" என்று நீதானே சொன்னாய். சுங்கத்தில் ஆபீசர் "பெட்டியில் ஏதாவது இருக்கிறதா?" என்று கேட்கும்போது நீ மரியாதைக்குச் சிரித்துக்கொண்டே ஹாய் சொல்லிவிடாதே. நேற்று ராத்திரி முழுக்க இதையே நினைத்துக்கொண்டு கிடந்தேன். கண்ணை மூடினால் ஒரு வெள்ளை அறை, வெள்ளைக் கையுறை, திறந்த பெட்டி, அந்தப் பக்கம் நீ தனியாக. உங்கம்மா எழுந்து, "இன்னாயா, வண்டி ஓட்றா மாரி கால ஒதைக்கிற?" என்று கேட்டாள். பிரேக் தேடிக்கொண்டிருந்தேன்.

தாம்பரம் வந்துவிட்டது. இனிமேல் தள்ளிப்போட முடியாது.

நேற்று ஹாலில் பெட்ஷீட் விரித்து, ஒவ்வொரு கருவியாக வைத்து, அதன் நம்பரை கார்னெட்டில் இருக்கிறதோடு ஒப்பிட்டாய். கார்னெட் என்று நீ முதலில் சொன்னபோது காருக்குப் போடுகிற வலை என்று நினைத்தேன். கருவிகளுக்கு அதுதான் பாஸ்போர்ட் என்று விளக்கினாய். நான் லென்ஸ் நம்பர்களை மாட்டுச் சந்தையில் ஏலம் விடுகிறவன் மாதிரி ராகம் போட்டு வாசித்தேன். நீ பேனாவை வைத்துவிட்டுச் சொன்னாய்: "விளையாடாதப்பா. இதுல எழுதியிருக்கறது பெட்டியில இருக்கணும். எழுதாதது பெட்டியில இருக்கக் கூடாது. ஒண்ணு மாறினாலும் அங்க மொத்தமா நிறுத்திடுவாங்க." அப்போது உங்கம்மா சமையலறையிலிருந்து, "பெட்டிக்கு ஒரு எலுமிச்சம்பழமாச்சும் வெச்சி அனுப்பலாம்ல?" என்றாள். பழம், காய், விதை எதையும் அந்த நாட்டுக்குள் விடமாட்டார்கள், கண்டுபிடித்தால் வம்பு என்று நீ பொறுமையாகச் சொன்னாய். நான் பொறுமையாகச் சொல்லவில்லை. "ஜப்பான்காரனுக்கு ரசம் வைக்கப்போறியா? எங்க ஷெட்டுலயே பம்பர்ல எலுமிச்சம்பழம் கட்டாம ஓடற ஒரே பஸ்ஸு என்னுதுதான். நான் ஸ்டியரிங்க நம்பறவன், பழத்த நம்பறவன் இல்ல" என்று மார்தட்டினேன். நீகூட கைதட்டினாய்.

அப்புறம் உங்கம்மா பால் வாங்கப் போனாள். நீ பெட்டிக்கு ஒட்டுகிற டேப் வாங்கக் கடைக்குப் போனாய். பெட்டி திறந்து கிடந்தது. கறுப்பு ஸ்பாஞ்சில் வட்ட வட்டமாகக் குழி, ஒவ்வொரு குழியிலும் ஒரு லென்ஸ், தொட்டிலில் போட்ட குழந்தைகள் மாதிரி. பார்த்துக்கொண்டே இருந்தேன். இந்தப் பெட்டி போகிற தூரத்துக்கு நான் போக முடியாது என்று திடீரென்று தோன்றியது. எந்த பஸ்ஸை எடுத்தாலும் அந்த வெள்ளை அறை வாசலுக்கு நான் வந்து நிற்க முடியாது. எழுந்துபோய் ஃபிரிட்ஜைத் திறந்தேன். பழத்துக்குக் குங்குமம் கூட வைத்தேன், கண்ணு.

சின்ன லென்ஸை வெளியே எடுத்து, குழிக்கு அடியில் பழத்தை வைத்து, மேலே லென்ஸை வைக்கலாம் என்றுதான் பார்த்தேன். பழம் குழிக்கு அளவெடுத்துத் தைத்தது மாதிரி உட்கார்ந்துகொண்டது. லென்ஸுக்கு இடம் இல்லை. பழத்தை நோண்டி எடுப்பதற்குள் வாசலில் உங்கம்மா செருப்புச் சத்தம். மார்தட்டின ஆள் குங்குமக் கையோடு மாட்டினால் என்ன ஆகும்? பெட்டியை மூடினேன். கையில் லென்ஸ். எதிரே சமையலறையில் மிக்ஸி. லென்ஸை நடு ஜாடிக்குள் போட்டு, மூடியை அழுத்தி, பரணில் பாத்திரத்துக்குப் பின்னால் தள்ளினேன். அவள் குளிக்கப் போகும்போது மாற்றிவிடலாம் என்று கணக்கு. அவள் போவதற்குள் நீ வந்துவிட்டாய், உன் பின்னாலேயே ஆபீஸ் வேன் வந்துவிட்டது, வேனோடு கேமரா உதவியாளர்கள் வந்துவிட்டார்கள். நீ டேப்பைக் கையில் வைத்துக்கொண்டு என்னைக் கேட்டாய்: "எல்லாம் உள்ள இருக்காப்பா? மூடிடவா?" இவ்வளவு நாளில் நீ என்னை நம்பிக் கேட்ட முதல் கேள்வி அது. நான் சொன்னேன்: "நானே செக் பண்ணிட்டேன், மேனேஜரம்மா. ஒட்டு."

நீ ஒட்டினாய். வேன் உன்னையும் பெட்டிகளையும் ஏற்றிக்கொண்டு கோடம்பாக்கம் ஆபீசுக்குப் போய்விட்டது. நான் கை ஆட்டினேன்.

ஆக, கார்னெட்டில் எழுதியிருக்கிற ஒரு லென்ஸ் பெட்டியில் இல்லை. எழுதாத ஒரு எலுமிச்சம்பழம் பெட்டியில் இருக்கிறது. நீ சொன்ன இரண்டையும் ஒரே கையால் செய்து முடித்திருக்கிறேன். நாளைக் காலை மீனம்பாக்கத்தில் சுங்கத்துக்காரர்கள் பார்ப்பதற்கு முன் இன்று ஒரு பொழுது இருக்கிறது. மடியில் இருக்கிற மஞ்சப்பையில், என் துவைத்த பனியனில் சுற்றி, அந்த லென்ஸ் இருக்கிறது. கீறல் இல்லை, மூன்று தடவை பார்த்துவிட்டேன். கொஞ்சம் தேங்காய் வாசனை மட்டும் இருக்கும். கேமராமேன் கேட்டால் ஊர் மணம் என்று சொல்லிக்கொள்.

மாம்பலம் தாண்டிவிட்டது. அடுத்தது கோடம்பாக்கம். மேலே வரமாட்டேன், உன் ஆபீஸ் ஆட்களைப் பார்க்கிற தைரியம் இல்லை. கீழே டீக்கடையில் நிற்கிறேன். மூன்றாவது பெட்டி, மேல் வரிசை, ஓரக் குழி. டேப்பைப் பிரி, நம்பரைப் பார்த்து லென்ஸை வை, இன்னொரு தடவை முழுக்கச் சரிபார், நீயே சரிபார். யார் "நானே பாத்துட்டேன்" என்று சொன்னாலும் நம்பாதே, அது உன் அப்பனாக இருந்தாலும் சரி. திட்டுவதை முழுசாகத் திட்டிவிட்டுப் போ, மிச்சம் வைத்து ஜப்பானுக்குச் சுமந்துகொண்டு போகாதே. பயமாப்பா என்று கேட்டாயே, பயம்தான். கண்ணு, ரொம்பப் பயம்.

லென்ஸை வாங்கக் கீழே டீக்கடைக்கு வரும்போது அந்தப் பழத்தையும் மறக்காமல் எடுத்துக்கொண்டு வா. குப்பையில் போட்டுவிடாதே. நாளைக் காலை முதல் ஷிப்டுக்கு வண்டி எடுக்கும்போது அதை என் பஸ் முன் பம்பரில் கட்டப்போகிறேன். ஷெட்டில் எல்லாரும் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். நீ திரும்பி வந்து இறங்குகிற வரைக்கும் அது அங்கேயே தொங்கும்.